வைத்தியர் வாக்கும் நமது அடுக்களையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இம்மேடையில் கல்வியைப் பற்றியும் வர்த்தகத்தைப் பற்றியும் பலர் விரிவாய்ப் பேசியிருக்கின்றனர். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றினும் வீட்டுக்கு நெருங்கியது. நீரிழிவோ இரத்தக் கொதிப்போ எட்டிப் பாராத குடும்பம் நம்முள் அரிதாகிவிட்டது. இத்தேசத்தில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ஆம் வருஷம் வெளிவந்த கணிப்புத் தெரிவிக்கின்றது. அவருள் நம்மவர் எத்துணையர் என்பதைக் கலியாணப் பந்தியில் இலை முன்னமர்ந்து மாத்திரைப் பொட்டலம் பிரிப்போரைக் கொண்டே ஒருவாறு ஊகிக்கலாம்.

இவர்களெல்லாம் வைத்தியரிடம் செல்லுகின்றனர். அவர் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்து, சாப்பாட்டைக் குறைத்து நடக்க வேண்டும் என்கிறார். மருந்துக்கு அளவும் வேளையும் சீட்டிலே உண்டு. சாப்பாட்டுக்கும் நடைக்கும் அவை இல்லை. வாயிலில் ஐம்பது பேர் காத்திருக்க அவர்தாம் என் செய்வார்? வீடு திரும்பிய நோயாளர், இரவில் சோற்றை விட்டுவிட்டதாகப் பெருமை பேசி ஆறு இட்டிலி உண்கின்றார். இட்டிலியிலும் பெரும்பகுதி அரிசியே என்று அவருக்குச் சொன்னவர் இல்லை. வெள்ளைச் சர்க்கரையை விலக்கிக் கருப்பட்டியையும் தேனையும் தாராளமாய்ச் சேர்ப்போரும் உளர். இரத்தத்திலே சர்க்கரையை ஏற்றுவதில் இவையெல்லாம் ஒரு குடும்பமே.

வாய்வார்த்தையால் வியாதி நிற்குமோ என்று ஐயுறுவோர்க்குச் சென்னையிலேயே விடை இருக்கின்றது. டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவுக்கு முந்திய நிலையிலிருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சியை 2006-ஆம் வருஷம் வெளியிட்டனர். வழக்கம்போல் விடப்பட்டவருள் 3 வருஷத்துக்குள் நூற்றுக்கு 55 பேர் நோயாளராயினர். உணவும் நடையும் இன்னவாறென்று திட்டமாய்ச் சொல்லப்பெற்று, தொடர்ந்து விசாரிக்கவும் பெற்றவருள் நூற்றுக்கு 39 பேரே நோய்ப்பட்டனர். மெட்பார்மின் மாத்திரை மட்டும் உண்டவருக்கும் ஏறக்குறைய இதே பலன்தான்! பின்னர் 2013-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், உத்தியோகத்திலிருக்கும் 537 ஆடவருள் ஒரு பாதியாருக்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகப் புத்திமதி அடிக்கடி அனுப்பினர். 2 வருஷத்தில் அவருள் நூற்றுக்கு 18 பேருக்கும், செய்தி பெறாத மறுபாதியாருள் 27 பேருக்கும் நோய் கண்டது. ஒருமுறை சொல்லிவிட்ட சொல்லன்று, விடாது கேட்ட சொல்லே வேலை செய்தது.

ஆகையால் நாம் வைத்தியரிடம் வாய் திறந்து கேட்கவேண்டும். சோறு எத்தனை கிண்ணம்? குறைத்த இடத்தைக் கீரையாலும் பருப்பாலும் நிரப்பலாமா? நடை எத்தனை நிமிஷம்? இன்சுலின் ஊசி போடுவோரும் சிலவகை மாத்திரை உண்போரும் தாமாகவே பட்டினி கிடந்தாலும், வெறுவயிற்றோடு நெடுந்தூரம் நடந்தாலும், சர்க்கரை மிகத் தாழ்ந்து வியர்த்து நடுங்கி விழக்கூடும். அவர்களுக்கு இக்கேள்விகள் உயிர்க்கேள்விகள்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதி ஊணைப் பற்றியதே. அதன் முடிவில் நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து பேணுபவனும் நான்காவதாக எண்ணப்படுகின்றான். நமது வீடுகளில் அந்நான்காமவர் பெரும்பாலும் அடுப்படியில் நிற்கும் மனைவியோ மருமகளோ ஆவார். அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வோர் எத்தனை பேர்? கணவர் தனியே போய்க் கேட்டு வந்து, பாதியை மறந்து, மீதியை மறைத்துவிடுகிறார். (மறைப்பதில் இனிப்புக்கே முதலிடம்.) மாமியார் நோயாளியானாலோ, புத்திமதி கேட்க எவரும் உடன் செல்வதில்லை, மருந்துக் கடைக்கு மட்டும் ஆள் போகிறது.

இன்னுமொன்று. நடவுங்கள் என்று வைத்தியர் நமது பெண்மக்களுக்கும் சொல்லுகிறார். விடியற்காலையில் சமையல், மாலையில் விளக்கேற்றல், தெருவிலோ வாகனங்களின் நெருக்கடி. அவர்கள் எங்கே நடப்பது? நமது சங்க மண்டபத்தின் பின்புறத் திடல், முகூர்த்த நாட்கள் நீங்கலாக, பூட்டியே கிடக்கின்றது. அதனை நாள்தோறும் மாலை 4 மணி முதல் 6 மணி வரை ஸ்திரீகளின் நடைக்குத் திறந்துவிடவும், சங்கத்து விருந்துகளில் இனிப்பைக் கேட்டவருக்கே பரிமாறவும் கோரும் தீர்மானத்தைக் காரியதரிசியவர்களிடம் கொடுத்திருக்கின்றோம். இச்சபையோர் இன்றே அதனை ஆலோசித்து முடிவு செய்யும்படி வேண்டிக்கொள்ளுகின்றோம்.