மஞ்சள் கடுதாசி யாருக்கு?



நான் முதுகலையில் பன்னாட்டு நொடிப்புச் சட்டம் படிக்கிறேன். தோழர்கள் பலர் கேட்கிறார்கள்: வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, தொழிலாளர் சட்டம் இருக்கிறது, திவாலான முதலாளிகளுக்கான சட்டம் நமக்கு எதற்கு? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்’ என்று நம் ஊரில் சொல்வோம். கடன் வாங்கியவர் கையை விரித்துவிட்டார் என்று பொருள். இருப்பதை விற்றால் முதலில் யாருக்கு, எவ்வளவு, யாருக்கு ஒன்றுமே கிடைக்காது என்று முடிவு செய்வதுதான் நொடிப்புச் சட்டம். சொத்து பல நாடுகளில் கிடந்தால் எந்த நாட்டு நீதிமன்றம் பிரித்துக் கொடுக்கும்? அதற்காக ஐ.நா.வின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் 1997இல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதியது. நிறுவனத்தின் முதன்மை நலன்கள் எந்த நாட்டில் மையம் கொண்டிருக்கின்றனவோ, அங்கே நடப்பதே முதன்மை நடவடிக்கை என்கிறது அது.

ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. மே மாதம் நெதர்லாந்து நீதிமன்றம் ஒன்று அதைத் திவால் என்று அறிவித்தது. ஜூனில் மும்பையிலுள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம், நெதர்லாந்து உத்தரவு இங்கே செல்லாது என்றது. ஒரே நிறுவனம், இரண்டு திவால். மாதிரிச் சட்டத்தை ஏற்கலாம் என 2018இலேயே அரசுக் குழு பரிந்துரைத்திருந்தும், அப்போது இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லை. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகுதான் இரு நாட்டு நிர்வாகிகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 2024 நவம்பரில் நிறுவனத்தைக் கலைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இடைப்பட்ட ஐந்தரை ஆண்டில் ஊழியர்கள் வருங்கால வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினார்கள்.

2016ஆம் ஆண்டு நொடிப்பு, திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவைப் படியுங்கள். கலைக்கும் செலவு போக, தொழிலாளரின் 24 மாத நிலுவையும் பிணைய உரிமையை விட்டுக்கொடுத்த வங்கிகளின் கடனும் சமவரிசையில் நிற்கின்றன. தாளில் நல்ல இடம்தான். ஆனால் நிறுவனத்தை மீட்பதா, கலைப்பதா என்று வாக்களிக்கும் கடன் கொடுத்தோர் குழுவில் இருப்பவர்கள் வங்கிகளும் நிதி நிறுவனங்களும். சம்பள பாக்கிக்காரருக்கு அங்கே வாக்கு இல்லை. ஒப்பந்தக்காரர் வழியாகக் கழிவறை கழுவியவர், சுமை தூக்கியவர், நிறுவனத்தின் தொழிலாளிதான் என்று நிரூபித்தால்தான் அந்த வரிசையில் நிற்கவே முடியும். அந்த வேலைகளில் யார் இருக்கிறார்கள் என்று இந்த அரங்கில் நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். இதே சட்டத்தில் ‘புதிய தொடக்கம்’ என்று ஓர் அத்தியாயம் உண்டு. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேல் இல்லாமல், சொத்து 20,000க்கு மேல் இல்லாமல், சொந்த வீடும் இல்லாமல் இருப்பவர், 35,000 ரூபாய் வரையிலான கடனிலிருந்து விடுபட விண்ணப்பிக்கலாம். யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிகிறதா? செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிவிட்டு வெளியேற முடியாமல் கிடக்கும் குடும்பத்தின் கணக்கு கிட்டத்தட்ட இதுதான். ஆனால் தனிநபர்களுக்கான பகுதி 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு மட்டுமே வந்தது. முதலாளி வீட்டுக் கதவு திறந்தது. கூலிக்காரர் கதவு தாளிலேயே நின்றது. கொத்தடிமைக் கடன் செல்லாது என்று 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதையும் போராடித்தான் அமல்படுத்த வைக்க வேண்டியிருக்கிறது.

கடனைத் தள்ளுவது ஒழுக்கக்கேடு என்று நமக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வகுப்பறையிலோ, கடனைக் குறைத்து நிறுவனத்தை மீட்பது பொருளாதாரத்துக்கு நல்லது என்று பாடம் நடத்துகிறார்கள். இந்த இரட்டை நீதியை அவர்களுடைய சட்ட மொழியிலேயே எடுத்துக்காட்ட நமக்கு ஆட்கள் வேண்டும். பணத்தைப் பற்றிய படிப்பைப் பாபாசாகேப் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. லண்டனில் அவர் ஆராய்ச்சிக்கு எடுத்தது ரூபாயின் பிரச்சினையை. 1923இல் அது நூலாக வந்தது.

சட்டம் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நிறுவனம் நொடித்தால் தொழிலாளர் தம் நிலுவையைக் கோரத் தனிப் படிவம் இருக்கிறது. ஒருவர் தனியாகக் கொடுக்க ‘டி’ படிவம், பலருக்காகப் பிரதிநிதி கொடுக்க ‘இ’ படிவம். கெடு உண்டு, சான்று வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், அடையாள அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்று தொழிற்சாலை வாசலில் யாராவது சொல்ல வேண்டும். அதைத் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதுவோம். நான் என் பங்குக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். கூட உட்கார்ந்து திருத்த நான்கு பேர் வாருங்கள்.

ஜெய்பீம்!