மழைக்காலத்தில் மோட்டார் இயந்திரம் தடுமாறுதல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதர்க்கும் மோட்டார் வண்டிக்கும் யாது இயைபு என உங்களிற் சிலர் ஐயுறக்கூடும். நம் சங்கத்தாருள் வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்போர் பலர். பணிமனைகளில் தொழில் பழகும் இளைஞரும் உளர். ஐப்பசி பிறந்துவிட்டால் இவர்கள் வாயினின்று ஒரே முறையீடு எழுகின்றது. வெயிலில் நன்றாய் ஓடும் வண்டி மழையில் 'மிஸ்' அடிக்கின்றது என்பதே அது. அதன்பொருட்டு ஆண்டுதோறும் நம்மவர் கைப்பொருள் வீணாவதைக் கண்டே, நூல்களிற் பயின்றும் தொழில் வல்லாரைக் கேட்டும் அறிந்தவற்றை இன்று உரைக்கத் துணிந்தோம்.

'மிஸ் அடித்தல்' என்பது பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமான சொல். இலக்கணம் அதனை ஏற்குமோ என்பது வேறு வழக்கு. ஒரு சிலிண்டரில் எரிபொருள் எரிய வேண்டிய கணத்தில் எரியாது ஒழிவதை இச்சொல் போல் விளக்குவது பிறிதின்மையின், யாமும் அதனையே ஆள்வோம்.

பெட்ரோல் இயந்திரம் பொறியினால் இயங்குவது. பேட்டரி தரும் மின்னழுத்தம் 12 வோல்ட்டேயாம். பிளக்கின் இரு முனைகட்கு இடையேயுள்ள சிற்றிடைவெளியைத் தாவ அது போதாது. ஆகவே இக்னிஷன் காயில் அதனைப் பல்லாயிரம் வோல்ட்டாகப் பெருக்குகின்றது. பழைய வண்டிகளில் அம்மின்சாரம் டிஸ்ட்ரிபியூட்டரை அடைந்து, அதன் மூடியினின்று தனித்தனி ஒயர்கள் வழியே ஒவ்வொரு பிளக்கிற்கும் முறைப்படி செல்லும். நான்கு சிலிண்டர் இயந்திரம் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழலுங்கால் நொடிக்கு 100 பொறிகள் வேண்டும். இவற்றுள் ஒரு சில தவறினும் வண்டி குலுங்கும்.

இத்துணை அழுத்தமுடைய மின்சாரம் வெளியேற வழி தேடிக்கொண்டேயிருக்கும். தூய நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துவதன்று. ஆயின் மூடியின்மேலும் ஒயர்களின்மேலும் படிந்த புழுதியும் எண்ணெயழுக்கும் கரியும் ஈரத்தோடு கூடும்போது கடத்தும் மென்படலமாகிவிடுகின்றன. மின்சாரம் பிளக்கின் இடைவெளியைத் தாவும் வருத்தத்தை விடுத்து, இவ்வெளிய வழியே இயந்திரத்தின் இரும்பைச் சேர்ந்துவிடும். மூடியில் மயிரிழை போன்ற வெடிப்பு இருப்பின் கேட்கவும் வேண்டுமோ! பலகால் இவ்வாறு ஒழுகியவிடத்தில் வேர் பிரிந்தாற்போன்றதொரு கரிக்கோடு விழும். அக்கரியே பின்னர் நிலையான வழியாய்விடும். எனவே ஈரம் நோயைப் புதிதாய்ப் படைப்பதன்று. முன்னரே நலிந்த உறுப்பைக் காட்டிக் கொடுப்பது. எல்லா உறுப்பும் செவ்வையாயுள்ள வண்டி அடைமழையிலும் தடையின்றி ஓடக் காண்கின்றோம்.

சில வண்டிகளில் அமைப்பே குறையாதலும் உண்டு. 1959-இல் இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்தளித்த 'மினி' என்னும் சிறு வண்டி உலகப் புகழ் பெற்றது. அதன் இயந்திரம் குறுக்காக வைக்கப்பட்டமையின் டிஸ்ட்ரிபியூட்டர் முன்புறக் கம்பித் தட்டிக்கு நேர் பின்னே அமைந்தது. மழைநீர் தட்டியூடே புகுந்து அதனை நனைக்க, வண்டிகள் நடுவழியில் நின்றன. பின்னர் மறைப்பு வைத்துக் காக்க நேர்ந்தது.

இனி, இந்நோயைக் காண்பதில் உள்ள இடர்ப்பாடு யாதெனின், அது வைத்தியர் முன் தோன்றுவதில்லை என்பதேயாம். விடியற்காலையில் தடுமாறிய இயந்திரம் அரை மணி ஓடியபின் தன் சூட்டினாலேயே உலர்ந்துவிடுகின்றது. பணிமனை வாயிலை மிதிக்குங்கால் குற்றம் ஒன்றுமில்லை. கண்ணாற் காணாத நோய்க்குக் கையில் அகப்பட்ட மருந்தைக் கொடுப்பது போல, ஒவ்வோர் உறுப்பாக மாற்றத் தொடங்குகின்றனர்.

நம் உறுப்பினர் ஒருவர் பழைய பெட்ரோல் அம்பாசிடர் வைத்திருக்கின்றார். அவ்வகை வண்டி செய்வது 2014-இல் நின்றுபோயினும் சில இன்னும் ஓடுகின்றன. சென்ற மழைக்காலத்தில் அவர் புது பிளக்குகள் இட்டார், கார்ப்பரேட்டரைப் பிரித்துத் துடைப்பித்தார், பேட்டரியும் மாற்றினார். வாரம் இருமுறை விடியலில் ஒரு முதியவரை டயாலிசிஸ் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு அவருடையது. இருமுறை வண்டி வழியில் நிற்கவே, அம்முதியவர் வீட்டார் வேறு வண்டி பேசிக்கொண்டனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பிளக் மாட்டிய பையனும் வசவு கேட்டான். இறுதியில் குற்றம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்துக் கரிக்கோடு என்று கண்டனர். மாற்றியவற்றுள் எதனினும் விலை குறைந்த பொருள் அது!

இதற்கு வழி யாது? மழைக்காகக் காத்திராமல் ஈரத்தைப் பணிமனைக்கே கொண்டுசெல்லலாம். இரவில் திறந்தவெளியில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, விளக்குகளை அணைத்து இயந்திரத்தை ஓடவிடுக. செடிக்கு நீர் தெளிக்கும் புட்டியால் ஒயர், மூடி, காயில் என ஒவ்வோரிடமாகப் பனி படிந்தாற்போல் சிறிதே தெளித்து நோக்குக. ஒழுக்குள்ளவிடத்தில் நீலப்பொறி தெரியும்; 'டிக் டிக்' என்னும் ஒலியும் கேட்கும்; உடனே இயந்திரம் தடுமாறும். எல்லாவிடத்தும் ஒருங்கே தெளிப்போர் எதனையும் அறியார். ஓடும் இயந்திரத்தின் ஒயர்களைக் கையால் தொடலாகாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்போர் அணுகவே கூடாது. மூடியைப் பெட்ரோலால் துடைக்கும் வழக்கத்தையும் விடுக. ஆவி உள்ளே தங்கியிருக்கப் பொறி பறக்குமாயின் தீப்பற்றும். உலர்ந்த துணியே போதும்.

தருக்க நூலார், ஒன்று உள்வழி மற்றொன்று உண்டாதலும், இல்வழி இல்லையாதலும் கண்டே காரணத்தைத் துணிவர். இங்கும் அதுவே முறை. நனைத்தபோது தடுமாறி, அவ்வோரிடத்தைத் துடைத்தவுடன் சீராயின் குற்றம் அங்கேயே உளது. சுமையேற்றி மேட்டில் ஏறுங்கால் மட்டும் மிஸ் அடிப்பினும் வியக்க வேண்டா. சிலிண்டரின் அழுத்தம் மிகுதலின் அப்போது பொறி தாவ மின்னழுத்தமும் மிகுதியாய் வேண்டும். ஒழுக்குள்ள ஒயர் அதனைத் தாங்காது.

புதிய வண்டிகள் பலவற்றில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் அமர்ந்திருக்கும். அதன் ரப்பர் உறை வெடித்திருப்பினும், இயந்திரத்தைக் குழாய்நீரால் கழுவியபின் பிளக் குழியில் நீர் தங்கினும் அதே நோய் வரும். ஸ்கேனர் கருவி 'பி 0302' என்று காட்டின் இரண்டாம் சிலிண்டர் தவறுகின்றது என்க. உடனே புதுக் காயில் வாங்கற்க. இரண்டாவதன் காயிலை மூன்றாவதற்கு மாற்றி ஓட்டிப் பார்க்க. குற்றமும் உடன்சென்று 'பி 0303' எனத் தோன்றின் காயிலே பழுது. அங்கேயே நிற்பின் பிளக்கையோ பிறவற்றையோ நாடுக. இயந்திர விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை நிறுத்துதல் நலம். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிற் சென்றெரிந்து, விலையுயர்ந்த அவ்வுறுப்பைக் கெடுத்துவிடும்.

ஈரத்தால் வரும் தடுமாற்றம் எல்லாம் பொறியின் குற்றமுமன்று. உதகை போன்ற மலையூர்களில் குளிர்மூடுபனியில் கார்ப்பரேட்டர் வண்டி செல்லுங்கால், பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியினால் அதன் தொண்டையில் பனிக்கட்டி பிடித்து இயந்திரம் அடங்கிப்போகும். சிறிது நேரம் நிறுத்தினால் கட்டி உருகிவிடும், சுவடும் இராது. பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலக்கின்றனர். எத்தனால் நீரை ஈர்ப்பது. தொட்டியில் நீர் மிகுந்தால் அஃது எத்தனாலோடு அடியிற் பிரிந்து நிற்கும். ஒயர்களை உலர்த்திய பின்னும் தடுமாற்றம் தீராது, பெட்ரோல் நிரப்பிய நாள்முதல் தொடங்கியதாயின் இதனை ஐயுறுக. டீசல் வண்டிக்குப் பொறியே இல்லையாதலின், அவ்வண்டியுடையார் டீசல் பில்டரில் தேங்கும் நீரை வடித்துப் பார்ப்பாராக.

மேற்சொன்ன அம்பாசிடர் வண்டியின் மூடியை அவ்வன்பர் அளித்துள்ளார். அஃது இம்மேசைமேல் இருக்கின்றது. உருப்பெருக்குக் கண்ணாடியும் உடனுளது. மூன்றாம் முனைக்கும் நான்காம் முனைக்கும் இடையே ஓடும் கரிக்கோட்டினைச் சாய்வான ஒளியிற் பிடித்தால்தான் காணலாகும். தொழில் பழகும் இளைஞர் முதலில் வந்து காண்பாராக.