காலத்தில் வராத உதவித்தொகை



உதவித்தொகையை அரசின் தயவு என்று எண்ணுவோர் இன்னும் நம்மிடையே உண்டு. வரலாறு வேறு. பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில்தான் 1913இல் அம்பேத்கர் கொலம்பியா சென்றார். ஒரு மன்னரின் மனத்தை நம்பியிருந்த அந்த வாய்ப்பை அரசின் கடமையாக்க அவரே வாதாடினார். 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபடி மனுக் கொடுத்தார். 1944இல் பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கான உதவித்தொகை பிறந்தது.

இன்று குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் இதைப் பெறலாம். ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. ஆனால், கல்லூரி கட்டணம் கேட்பது சேரும் நாளில். பலருக்குப் பணம் வருவது மாதங்கள் கழித்து. திசையன்விளையிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பேருந்து ஏறும் நம் பிள்ளைக்காக, அந்த இடைவெளியில் வீடு வட்டிக்கு வாங்குகிறது. படிப்பில் முந்திய பிள்ளையும் இங்கேதான் நின்றுவிடுகிறது. தாமதமும் மறுப்புதான்.

சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் சேரும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ ஆதிதிராவிடரின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது 2012ஆம் ஆண்டின் அரசாணை 92. அதன் நகலோடு, பிள்ளையைத் தனியே அனுப்பாமல், நாமும் உடன் செல்வோம். பணம் வரும்வரை காத்திருக்க வேண்டியது கல்லூரி. பிள்ளையின் படிப்பு அல்ல.