பயோவா, மற்ஸா?



சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் வீட்டில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பயோவா, மற்ஸா? பயோ என்றவள் அன்றோடு இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் விடைகொடுக்கிறாள்.

அமெரிக்காவின் றோட் ஐலன்டில் உள்ள பிறவுண், 1764இல் தொடங்கிய தனியார் ஆய்வுப் பல்கலைக்கழகம். எல்லோருக்கும் பொதுவான கட்டாயப் பாடங்களை அது 1969இல் நீக்கியது. கேட்டு வாங்கியவர்கள் மாணவர்களே. ஐரா மகசினர், எலியட் மாக்ஸ்வெல் என்ற இருவர் முன்னின்று நீண்ட அறிக்கையே எழுதினார்கள். அதற்காக அது சும்மா படிப்பல்ல. பட்டத்துக்கு 30 பாடநெறிகள் வேண்டும், ஒரு துறையை ஆழமாகக் கற்கவும் வேண்டும். ஆனால் சித்தியடையாத பாடம் வெளியே அனுப்பும் பெறுபேற்றுப் பத்திரத்தில் வராது. பௌதிகம் படிப்பவள் பயமின்றி நாடகமும் எடுத்துப் பார்க்கலாம்.

மருத்துவராக என்னை ஈர்ப்பது அங்குள்ள எட்டாண்டுத் திட்டம். பாடசாலை முடித்ததுமே அதற்குத் தெரிவாகும் மாணவி, தேவையான விஞ்ஞானத்தோடு, வரலாற்றையே பிரதான பாடமாகப் படித்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். (கட்டணத்தைக் கேட்டால் எனக்கே தலைசுற்றும்!) நோயாளி சொல்லும் கதையைக் கேட்கத் தெரியவேண்டிய தொழில் எங்களுடையது.

இசட் புள்ளியை நாங்கள் மாற்ற முடியாது. எங்கள் சங்கம் உயர்தர மாணவிகளுக்கு, எந்தப் பிரிவானாலும், பரீட்சையில்லாத ஓர் இலக்கிய வகுப்பை நடத்தலாம். ரியூசன் இல்லாத நேரம் கிடைப்பதுதான் சிக்கல். வெள்ளி பாடசாலை விட்டதும் ஒரு மணி நேரம் என்றால், மாதத்தில் ஒரு வகுப்புக்கு நான் வருகிறேன்.