விழுந்தவுடன் எழும்பாதேங்கோ



நூற்றாண்டையொட்டி மாணவிகளுக்கு ஒரு சைக்கிளோட்டப் போட்டி வைக்கப்போவதாகச் செயலாளர் சொன்னார். வைத்தியர் என்ற முறையில் அதைப் பற்றி ஏதாவது பேசச் சொன்னார். நான் ஓடுவதைப் பற்றியல்ல, விழுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

என் வயதுக்காரருக்குச் சைக்கிள் விளையாட்டுச் சாமான் அல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது அரிசிப் பையையும் அம்மம்மாவையும் சைக்கிளில் இருத்தித்தான் தென்மராட்சிக்கு உருட்டினோம். அவ்வளவு ஓடிய எங்களுக்கு, விழுந்தால் என்ன செய்வதென்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. பெண்பிள்ளை விழுந்தால் உடனே எழும்பி, சட்டையைச் சரிசெய்து, கழன்ற செயினைக் கொளுவிக்கொண்டு போய்விட வேண்டும். வீட்டில் சொன்னால் சைக்கிள் பறிபோகும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவில் பெண்களுக்கான ஓட்டத்தில் கலந்துகொண்டேன். நாற்பது தாண்டிய டொக்டருக்கு இது தேவையோ என்று வீட்டில் கேட்டார்கள். கே.கே.எஸ். வீதியில், குளப்பிட்டிச் சந்தி தாண்டியதும் ஒரு நாய் குறுக்கே ஓடியது. முன்னால் போன தங்கச்சி வெட்டித் திருப்ப, அவளுடைய பின்சில்லு என் முன்சில்லில் முட்டியது. இப்படி முட்டினால் பெரும்பாலும் விழுவது பின்னால் வருபவர்தான். ஹாண்டிலைத் திருப்பிச் சமநிலை பிடிக்க முன்சில்லு இடம் கொடுக்காது. தோள் தார் வீதியில் அடித்தது. காறை எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

ஓடி வந்த ஒரு அம்மா சொன்ன முதல் வார்த்தை: “பிள்ளை, எழும்பு எழும்பு, ஆக்கள் பாக்கினம்.”

அவ பாவம், அன்பாகத்தான் சொன்னா. அதற்குள் இருவர் இரண்டு கையிலும் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். “தூக்காதேங்கோ!” என்று கத்தினேன். டொக்டர் என்பதால் கத்தத் தெரிந்தது. பதினைந்து வயதுப் பிள்ளை கத்தாது, வெட்கத்தில் எழும்பி நின்றுவிடும்.

காறை எலும்பு பெரிய காரியமில்லை. பெரும்பாலும் கையைத் தூக்கிக் கட்டினாலே சில வாரங்களில் பொருந்திவிடும். எனக்குப் பயம் மற்றவை. கழுத்தில் அடிபட்டவரை இழுத்து நிமிர்த்தினால் முள்ளந்தண்டு நரம்பு பாதிக்கப்படலாம். தலையில் அடிபட்டவர் எழும்பிச் சிரித்துக் கதைத்துவிட்டு, சில மணித்தியாலத்தில் சத்தியெடுத்து மயங்கலாம். மண்டையோட்டுக்குள் இரத்தம் கசிவது வெளியே தெரியாது. ஹாண்டில் வயிற்றில் குத்தினால் மண்ணீரல் வெடிக்கலாம், தோலில் ஒரு சின்ன அடையாளம் மட்டும் இருக்கும். கையூன்றி விழுந்து பெருவிரல் அடியில் நோ இருந்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் இரண்டு கிழமையில் திரும்ப எடுக்க வேண்டும்.

ஆகவே முதலில் வாகனங்களை மறியுங்கள். பிள்ளையைக் கிடந்தபடியே கிடக்க விட்டு, பெயரைக் கேளுங்கள். கழுத்து நோகுதா, கைகால் விறைக்குதா என்று கேளுங்கள். சட்டை விலகியிருந்தால் ஒரு துவாயால் மூடிவிட்டால் போதும். சோடா வேண்டாம், சத்திரசிகிச்சை தேவைப்படலாம். சிராய்ப்பைச் சவர்க்காரமும் தண்ணீரும் விட்டு மண் போகக் கழுவுங்கள். ஏற்பு ஊசியை மறக்காதீர்கள்.

தலைக்கவசம் பற்றிப் பிள்ளைகள் முகம் சுளிப்பது தெரியும். தொழில்முறை வீரரும் சுளித்தவர்கள்தான். பார்சிலோனா ஒலிம்பிக்கில் வீதியோட்டத் தங்கம் வென்ற ஃபாபியோ கசார்ட்டெல்லி, 1995 ஜூலை 18 அன்று டூர் டி பிரான்ஸ் மலையிறக்கத்தில் விழுந்து இறந்தார். தலையில் கவசம் இல்லை. அதற்குப் பிறகும் கட்டாயமாக்க 2003 வரை சென்றது. அந்த வருடம் ஆந்த்ரே கிவிலெவும் விழுந்து இறந்த பின்தான் சர்வதேசச் சங்கம் மனம் வைத்தது.

கனடாவிலும் லண்டனிலும் இருந்து கோப்பைக்குப் பணம் அனுப்பும் அக்காமாரிடம் ஒன்று கேட்கிறேன். கோப்பை சிறிதாக இருக்கட்டும். ஓடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவான தலைக்கவசம் வாங்குங்கள்; ஒருமுறை பலமாக அடிபட்டால் அதை மாற்றவும் காசு வைத்திருங்கள். திருப்பங்களில் மணலைக் கூட்டவும், ஒவ்வொரு திருப்பத்திலும் முதலுதவி தெரிந்த இருவர் நிற்கவும் சங்கம் ஒழுங்கு செய்யட்டும். அந்த இருவரில் ஒருத்தியாக நிற்க நான் என் பெயரைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.