கறுத்தது ஆண், மஞ்சள் பெண்



2006ஆம் ஆண்டு நம் அந்தமானில் சிக்குன்குனியா பரவியது. நினைவிருக்கிறதா? பலருக்குச் சோறு பிசையக்கூட விரல் மடங்கவில்லை. வேலைக்குப் போக முடியவில்லை. கூலியும் போயிற்று.

இந்த நோயைப் பரப்பும் கொசுக்களில் ஒன்று புலிக்கொசு. அதன் காலில் வெள்ளை வரிகள் இருக்கும். பெண் கொசு மட்டுமே கடிக்கும். முட்டை வைக்க அதற்கு இரத்தம் வேண்டும். ஆண் கொசு கடிக்காது. பூந்தேன் குடித்து வாழும்.

இதை வைத்து விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். ஆண் கொசுக்களை வளர்க்க வேண்டும். மலடாக்கி வெளியே விட வேண்டும். அவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. கொசு குறையும்.

ஆனால் ஆணை மட்டும் எப்படிப் பிரிப்பது? கூட்டுப்புழுவில் பெண் சற்றுப் பெரியது. ஆகவே அரிசி சலிப்பதுபோல் சலித்துப் பிரித்தார்கள். அப்படியும் சில பெண் கொசுக்கள் கலந்துவிடும். அவை கடிக்குமே!

2025இல் இஸ்ரேலின் எபிரேயப் பல்கலைக்கழகத்தார் புதுவழி சொன்னார்கள். உடம்பு எப்படி அமைய வேண்டும் என்று உயிருக்குள் எழுதிய எழுத்துதான் மரபணு. கொசுவின் கறுப்பு நிறத்துக்கும் ஒரு மரபணு உண்டு. அதைக் கெடுத்தால் புலிக்கொசு மஞ்சளாகும். பிறகு அந்த நிற மரபணுவை, ஆணாக்கும் மரபணுவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். இப்போது கறுத்தது ஆண், மஞ்சள் பெண். நிறம் பார்த்தே பிரிக்கலாம்.

நாளை இது நம் தீவுக்கும் வரலாம். வருமுன் நம்மைக் கேட்க வேண்டும். 1970களில் டெல்லி அருகே மலட்டு ஆண் கொசுக்களை விட்டுப் பார்த்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. பத்திரிகைகள் சந்தேகம் கிளப்பின. பாராளுமன்றத்திலும் பேச்சு எழுந்தது. 1975இல் திட்டமே நின்றது.

விளக்கம் இல்லாத இடத்தில் வதந்தி வளரும். ஆகவே நாம் கேட்போம். பெண் கொசு கலக்காதா? யார் கண்காணிப்பார்? எழுதிக் கொடுங்கள், படித்துப் பார்க்கிறோம் என்போம். நாம்தான் படிக்கக் கற்றுவிட்டோமே!

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். வாரம் ஒருநாள் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், வாளி எல்லாவற்றிலும் தேங்கிய நீரைக் கொட்டுங்கள். இதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.