அலாஸ்காவின் சிறு விமானங்களுக்கு ரயர் தெரிவு செய்தல்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் பேச வேண்டும் என்று சங்கத்திலிருந்து அழைப்பு வந்தபோது, "நீங்கள் செய்யும் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள், எங்களுக்கு விளங்கும்படி சொல்லுங்கள்" என்றார்கள். நாங்கள் அலாஸ்காவில் சிறு விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒரு கொட்டகையில் வேலை செய்கிறோம். அங்கே எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இயந்திரத்தைப் பற்றியதல்ல, "என்ன ரயர் போடலாம்?" என்பதுதான். ஆகவே இன்றைக்கு ரயரைப் பற்றியே பேசலாம் என்று எண்ணினோம். முன்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. பரவாயில்லை.

அலாஸ்காவின் பெரும்பாலான கிராமங்களுக்கு வீதி இல்லை. தபால், மாவு, மருந்து, பிரசவத்துக்குப் போகும் தாய், எல்லாம் விமானத்தில்தான் போக வேண்டும். கிராமத்து ஓடுபாதைகள் அநேகமாகச் சமப்படுத்திய கிறவல் தரை. அதற்கும் அப்பால் மீன்பிடிக்கவும் வேட்டைக்கும் போகிறவர்கள் ஆற்றின் நடுவே கிடக்கும் கல் திட்டிகளில் இறங்குவார்கள். அந்த இடங்களுக்கு ஓடுபாதை என்ற பெயரே கிடையாது. ஆனால் அதே விமானம் அன்று காலை ஆங்கரேஜ் போன்ற நகரத்தில் வழுவழுப்பான தார்ப் பாதையிலிருந்து புறப்பட்டிருக்கும். ஒரே நாள், ஒரே விமானம், ஒரே சோடி ரயர். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நாம் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். மணல் ஒழுங்கையில் சில்லு புதைந்தால் கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுவோம். சில்லு தட்டையாகி மணலின் மேல் நிற்கும். பிறகு பெரிய றோட்டுக்கு ஏறியதும் மிதிக்க மிதிக்கச் சைக்கிள் நகராது. விமான ரயரின் கதை முழுவதும் இதற்குள் அடக்கம் என்று சொன்னாலும் தவறில்லை.

கணக்காகப் பார்ப்போம். பைப்பர் சுப்பர் கப் என்ற இருவர் அமரும் விமானம் 1949இல் வெளிவந்தது. அலாஸ்காவில் இன்றும் எங்கு பார்த்தாலும் அதுதான். சுமையோடு 1600 இறாத்தல் நிறை என்று வைத்துக்கொள்வோம். வால்சில்லின் பங்கு சொற்பம் என்பதால், முன்னால் உள்ள இரண்டு சில்லுகளும் ஆளுக்கு 800 இறாத்தல் தாங்குகின்றன. ரயருக்குள் சதுர அங்குலத்துக்கு 25 இறாத்தல் அழுத்தம் இருந்தால், 800ஐ 25ஆல் பிரிக்க 32 சதுர அங்குலம் தரையில் படும். அழுத்தத்தை 8 ஆகக் குறைத்தால் 100 சதுர அங்குலம் படும். சாதாரண ரயரில் அவ்வளவு காற்றைக் குறைத்தால் றிம் கல்லில் இடித்துவிடும். அதனால்தான் 26, 29, 31, 35 அங்குல விட்டமுள்ள பெரிய மெத்தை ரயர்கள் வந்தன. காலால் உதைத்தால் பந்துபோல் அமுங்கும். முட்டிப்பருமன் கல்லின் மேல் ஏறினாலும் கல்லைச் சுற்றி வளைந்துகொடுத்து உருளும். விசிறி தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால் கற்கள் அதில் படுவதும் குறையும்.

காற்று குறைந்த ரயருக்கு இன்னொரு தொல்லை உண்டு. பிறேக் பிடித்தால் றிம் நிற்கும், ரயர் சுற்றும். உள்ளே ரியூப் இருந்தால் அதன் வால்வு பிய்ந்துவிடும். நடுக்காட்டில் அது நடந்தால் என்ன செய்வது? அலாஸ்கன் புஷ்வீல் எனப்படும் ரயர்களில் ரியூப் இல்லை. வால்வை ரயரின் பக்கச் சுவரிலேயே வைத்திருக்கிறார்கள். ரயர் றிம்மில் வழுக்கினால் வால்வும் கூடவே போகும், பிய்யாது. இதைக் கண்டுபிடித்தவர் கட்டாயம் ஒருநாள் எங்கோ தனியாக நின்று தலையில் கைவைத்திருப்பார் என்று நாங்கள் பேசிக்கொள்வதுண்டு.

அப்படியானால் எல்லோருக்கும் பெரிய ரயரே போடலாமே என்று கேட்பீர்கள். நாங்களும் ஒருகாலம் அப்படித்தான் நினைத்தோம்.

வழமையாக எங்களிடம் வருகிற ஒருவர் 31 அங்குலம் கேட்டார். போட்டுக் கொடுத்தோம். பார்க்கவும் கம்பீரமாக இருந்தது. எங்கே இறங்கப் போகிறீர்கள் என்று நாங்கள் கேட்கவேயில்லை. இரண்டு கிழமை கழித்து, மழை பெய்து தண்ணீர் தேங்கிய தார்ப் பாதையில், பக்கக் காற்றில் இறங்கினார். பிறேக்கை மிதித்தார். விமானம் நிற்காமல் வழுக்கி, வால் சுழன்று, ஒரு இறக்கையின் நுனி தரையில் உரசி நின்றது. பின்னாசனத்தில் அவருடைய மகள் இருந்தாள். இருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் அன்று இரவு எங்களில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

நடந்தது என்னவென்று பின்னர் தாளில் எழுதிப் பார்த்தோம். தேங்கிய நீரில் ரயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதற்கு 1960களில் நாசா ஆய்வாளர்கள் கண்ட எளிய விதி ஒன்று உண்டு. அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்க வேண்டும். விடை மணிக்கு இத்தனை கடல் மைல் என்று வரும். அழுத்தம் 25 என்றால் 45 கடல் மைல். அழுத்தம் 9 என்றால் 27 கடல் மைல். சுப்பர் கப் ஏறக்குறைய 40 கடல் மைல் வேகத்தில் தரையைத் தொடும். பழைய ரயர் என்றால் தொட்டவுடனே பிடித்திருக்கும். நாங்கள் போட்ட ரயரோ 27க்கு இறங்கும் வரை தண்ணீரின் மேல் ஓடம்போலப் போயிருக்கிறது.

இதே குணத்தைத்தான் சில விமானிகள் ஆற்றில் வித்தையாகப் பயன்படுத்துகிறார்கள். சில்லுகளை நீரின் மேல் தொட்டு வழுக்கிக்கொண்டே வந்து குறுகிய கல் திட்டியில் ஏறி நிற்பார்கள். பார்க்க அழகுதான். எங்களுக்கு அதில் விருப்பமில்லை.

பிறேக்கிலும் இழப்பு உண்டு. வழமையான ரயரின் விட்டம் ஏறத்தாழ 22 அங்குலம். அதை 31 ஆக்கினால் அதே பிறேக் தரையில் கொடுக்கும் பிடி பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். ஆகவே பெரிய ரயர் கேட்பவரிடம் பிறேக்கையும் மாற்றச் சொல்கிறோம். செலவைக் கேட்டு முகம் சுருங்கும். பாரம் கூடும், பறக்கும் வேகம் குறையும், எரிபொருள் கூடுதலாகப் போகும். மென்மையான இறப்பர் தாரில் சீக்கிரம் தேயும். அதனால்தான் ஆங்கரேஜில் லேக் ஹூட் ஏரியோரம் இருக்கும் கிறவல் ஓடுபாதையைப் பெரிய ரயர்காரர்கள் விரும்புகிறார்கள்.

குளிரை மறந்துவிடக்கூடாது. கொட்டகைக்குள் 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 10 இறாத்தல் அழுத்தம் வைத்து, வெளியே மறை 20 பாகையில் நிறுத்தினால் ஏறக்குறைய ஆறரைதான் மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதே குளிரில் 30 வைத்த ரயர் 24க்குத்தான் இறங்கும். காற்று குறைந்த ரயரைத்தான் குளிர் கூடுதலாக வருத்தும். அமுக்கமானியை வெளியே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். சூடான கொட்டகைக்குள் பார்த்த இலக்கத்தை நம்ப முடியாது.

அந்த விபத்துக்குப் பிறகு, ரயர் கேட்டு வருகிறவரிடம் விமானத்தின் குறிப்பேட்டை வாங்கிப் பார்க்கிறோம். போன வருடம் எத்தனை முறை தாரில் இறங்கினார், எத்தனை முறை கிறவலில், எத்தனை முறை வெறும் ஆற்றங்கல்லில் என்று எண்ணுகிறோம். கல்லில் இறங்குவதாகப் பெருமையாகச் சொன்னவரின் குறிப்பேட்டில் முக்கால்வாசி தாராக இருக்கும். சிலருக்குக் கோபம் வரும். அப்படிப்பட்டவருக்குப் பெரும்பாலும் வழமையான ரயர் போதும். கிறவல் கிராமத்துக்குக்கூட அது போதும். இரண்டும் கலந்து வருகிறவருக்கு 26 அல்லது 29 சொல்கிறோம். உண்மையாகவே கல் திட்டிக்குப் போகிறவருக்கு மட்டும் 31. அவர் தாருக்குத் திரும்பும்போது காற்றைக் கூட்ட ஒரு சிறு பம்பையும் கையில் கொடுத்தனுப்புகிறோம்.

இறக்கை உரசியவர் பழுது முடிந்ததும் எங்களிடமே திரும்பி வந்தார். இந்தமுறை மகள்தான் குறிப்பேட்டை விரித்து வைத்து எண்ணினாள். 26 அங்குலம் போட்டுக்கொண்டு போனார்கள்.

மேலும் கேட்க விரும்புகிறவர்கள் தேநீர் வேளையில் கேளுங்கள்.